பைண்டர் படித்த நாவல்

பைண்டருக்கு நாற்பத்தாறு வயதில் படிப்பு ஆசை வந்தது. வந்ததுதான் வந்தது, கணக்கு, கம்ப்யூட்டர் என்று உருப்படியாக வந்திருக்கக்கூடாதா? இலக்கியமாக வந்து தொலைத்தது. நகரத்துப் பெரிய நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருஷமாகக் கிழிந்த புத்தகங்களைப் பிரித்து, தைத்து, அட்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அங்கே அவர் கை படாத புத்தகம் கிடையாது. அவர் படித்த புத்தகமும் கிடையாது. "உலக இலக்கியத்த முதுகுப் பக்கமா மட்டும் பார்த்தவன் நான்" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சிரிப்பதும் அவர்தான்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. மேல்மாடி வாசகர் கூடத்தில் உதவியாளர் நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது என்று பல வருஷமாகப் பேச்சு. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது. வருகிறவர்கள் புத்தகத்தைப் பற்றிக் கேட்பார்கள், இவர் பதில் சொல்லலாம். கீழே யாரும் எதுவும் கேட்பதில்லை, "பைண்டரே, ஆச்சா?" என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரியில் சேர்ந்து, ஐந்து வருஷம் முக்கி முனகி எல்லாத் தாளையும் முடித்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெருநாவல் என்று ஒரு தாள். அதற்குப் பரீட்சை கிடையாது. பட்டியலில் உள்ள பத்து நாவல்களில் ஒன்றைப் படித்து இருபது பக்கக் கட்டுரை எழுத வேண்டும். நாற்காலிக்கு விண்ணப்பிக்க மாதக் கடைசி வரைதான் நேரம். கட்டுரை தேறினால் ஜன்னல், தேறாவிட்டால் பசை வாளி.

விவரம் தெரிந்த மாணவர்கள் ஒல்லியான நாவலாகப் பார்த்து எடுத்துக்கொண்டு தப்பித்தார்கள். நம் பைண்டருக்கு எங்கிருந்தோ வீறாப்பு வந்துவிட்டது. பட்டியலிலேயே குண்டான நாவலை எடுத்தார். ஆற்றங்கரையில் படகு விடும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை, அறுநூறு பக்கம். எல்லோரும் புகழ்வார்கள், ஒருவரும் படித்ததில்லை; அந்த மாதிரிப் புகழ்பெற்ற நாவல் அது. பல வருஷமாக மறுபதிப்பு இல்லை. ஊரிலேயே ஒரே பிரதிதான் இருந்தது, அதுவும் இவருடைய நூலகத்தில். அதை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பு எடுத்த மேடம், முப்பது வயதுதான் இருக்கும், முனைவர் பட்டம் வாங்கியதே அந்த நாவலில்தான். அவங்களுக்குப் பிடித்ததை எழுதினால் மார்க் தாராளமாக விழும் என்று பைண்டர் போட்ட கணக்கு அது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற காக்காய் பிடிப்புதான்.

புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியே இப்படி இருந்தது: "வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்." யார் நடந்தார், எங்கே வர மாட்டார், ஒன்றும் கிடையாது. அத்தியாயத்துக்கு எண் இல்லை, தலைப்பு இல்லை, நடுநடுவே மூன்று நட்சத்திரம் மட்டும். பக்க எண்ணும் இல்லை. பைண்டர் முதல் வரியை ஏழு தடவை படித்தார். பிறகு மனைவியிடம் படித்துக் காட்டினார்.

"பாதியிலேர்ந்து ஆரம்பிக்குதே?" என்றார் மனைவி, துணி மடித்தபடியே.

"அதுதான் இலக்கியம்" என்றார் பைண்டர். "உனக்கும் எனக்கும் புரியற மாதிரி எழுதினா அப்புறம் அதுக்கு எதுக்குப் பட்டம்?"

பஸ்ஸில் படித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து படித்தார். ஆட்கள் யார் யார் என்றே பிடிபடவில்லை. யாரோ பெரியப்பா என்கிறார்கள், அவர் ஏற்கெனவே கிழவர். தம்பியோடு ஏதோ பழைய சண்டை, என்ன சண்டை என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மண்டையைப் பிய்த்துக்கொண்டு முந்நூறு பக்கம் தாண்டினால், பெரியப்பா செத்துப் போகிறார். சரி, ஒரு வழியாக ஒரு ஆள் குறைந்தது என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினால், அடுத்த பக்கத்தில் அதே பெரியப்பா தோளில் துடுப்போடு கதவைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். இருபது வயது!

பைண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னும் பின்னும் புரட்டினார். மகளைக் கூப்பிட்டார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அப்பாவின் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது அவள்தான்.

"ஏம்மா, செத்துப்போன ஆளு திரும்பி வர்றாரு, அதுவும் வயசு கொறஞ்சு வர்றாரு. என்னம்மா இது?"

"அப்பா, பெரிய எழுத்தாளருங்க அப்படித்தான் எழுதுவாங்க. உங்க மேடத்தக் கேளுங்க."

கேட்டார். மேடத்தின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா? அங்கதான் இந்த நாவல் நிக்குது, சார். காலம் இதுல நேரா போகல. கடைசி வரிய இன்னும் படிக்கலையே நீங்க? படிங்க. அப்புறம் முதல் வரியோட சேர்த்துப் படிங்க."

கடைசி வரி இப்படி அந்தரத்தில் நின்றது: "பெரியப்பா படகை விட்டு இறங்கி, இனிமேல் இந்தக் கரைக்கு". முற்றுப்புள்ளிகூட இல்லை. அதோடு முதல் வரியைச் சேர்த்துப் பார்த்தார். இனிமேல் இந்தக் கரைக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அடேயப்பா! பைண்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்கிற வட்டம்! மேடம் இதே பிரதியை வைத்துச் செய்த ஆராய்ச்சியே அந்த வட்டத்தைப் பற்றித்தானாம். அந்தக் காலத்து விமர்சகர்கள் இதை நேரான குடும்பக் கதை என்று எழுதிவிட்டுப் போனார்கள், பாவம், அவர்களுக்குப் புரியவில்லை என்றார் மேடம். பைண்டரும் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டார்.

பிறகு எழுதினார் பாருங்கள் ஒரு கட்டுரை. 'இறந்தவர் இளமையோடு திரும்பும் உத்தி' என்று தலைப்பு. காலம் உடைகிறது என்று ஆறு இடத்தில், வட்டம் என்று பதினான்கு இடத்தில். "பெரியப்பாவின் மரணம் ஒரு மரணமே அல்ல, அது ஒரு கதவு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, எழுந்து போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தான். அன்றைக்குக் கொஞ்சம் அறிஞர் களை தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெரியப்பா செத்தபோது அவருக்கு ஒரு மண்ணும் தோன்றவில்லை. அது கட்டுரையில் வரவில்லை.

நூற்றுக்கு எண்பத்திரண்டு! வகுப்பிலேயே அதிகம். மார்க் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போகும், அதற்குள் எல்லோரும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். பைண்டருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மேல்மாடிக்குப் போய், வேலை இல்லாமலே அந்த ஜன்னல் பக்கம் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தார்.

நாவலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தார். பஸ்ஸில் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப் போயிருந்தது. மற்ற புத்தகம் என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும். இது எண்பத்திரண்டு வாங்கிக் கொடுத்த புத்தகம் இல்லையா? உடனே மேஜையில் போட்டு, அட்டையைக் கழற்றி, தையலை அறுத்தார்.

அச்சகத்திலிருந்து புத்தகம் ஒற்றை ஒற்றைத் தாளாக வருவதில்லை. பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி, மடித்து ஒரு கட்டாக வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். பைண்டர் மாற்றித் தைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில், மடிப்பை ஒட்டி, கடுகு போல ஓர் எண் போட்டிருப்பார்கள். இந்தப் புத்தகத்தை எந்தப் புண்ணியவானோ இழுத்து இறுக்கித் தைத்ததில் அந்த எண்கள் தையலுக்குள்ளே போய்விட்டிருந்தன. வெட்டும்போது அளவு தெரியாமல் ஒட்ட வெட்டியதில் மேலே இருந்த பக்க எண்களும் போயே போய்விட்டன. "எவன்டா இவன், கையா காலா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பைண்டர் முதல் ஃபாரத்தைப் பிரித்தார். அடியில் பத்தொன்பது என்று இருந்தது.

அடுத்தது இருபது. அதற்கடுத்தது இருபத்தொன்று. முப்பத்தேழு வரை ஒழுங்காகப் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றாம் எண் வந்தது.

பைண்டர் உட்கார்ந்துவிட்டார். வட்டமாவது சதுரமாவது! பின்பாதியை முன்னால் வைத்துத் தைத்திருக்கிறது. கிழிந்து தனியாக வந்த தலைப்புத் தாளை அதன் மேலே ஒட்டி, ஆதாரமே இல்லாமல் ஆக்கியிருக்கிறது. செத்தவர் எழுந்து வரவில்லை. சாவதற்கு அறுநூறு பக்கம் முன்னால் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். காலத்தை உடைத்தவர் எழுத்தாளர் இல்லை, எவனோ ஒரு பைண்டர். அந்த மடையனைக் கண்டுபிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அட்டையின் உள்தாளைப் பிய்த்தார். அதன் அடியில், பென்சிலில், தேதியோடு ஒரு கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், தான் கட்டிய புத்தகத்துக்குள் எல்லாம் கையெழுத்துப் போட்டு வைக்கிற பழக்கம் அந்த மடையனுக்கு இருந்தது. பெரிய கலைஞன் என்று நினைப்பு. கையெழுத்து நம் பைண்டருடையதுதான்.

அன்றைக்கு என்ன அவசரம், என்ன நினைப்பில் இருந்தார், எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் ஆராய்ச்சியையே திசை திருப்பிய நாள் அது. அவருக்கு அது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.

மேஜையில் இப்போது இரண்டு குவியல். எதை மேலே வைப்பது? பழையபடியே தைத்துவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எண்பத்திரண்டும் இருக்கும், ஜன்னலும் வரும், மேடமும் நன்றாக இருப்பார். இன்னும் இறுக்கித் தைத்தால் எண் சுத்தமாக மறைந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், பைண்டர் ஊசியில் நூல் கோத்துவிட்டார். பத்தொன்பதாம் ஃபாரத்தை எடுத்து வைத்தும் விட்டார். மதிய மணி அடித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஒரு கை சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருந்த கைதான் ஒன்றாம் ஃபாரத்தை எடுத்தது.

அந்த வாரம் முழுவதும் மதியத்தில் படித்தார். இருபது வயதுப் பெரியப்பா தண்ணீர் கேட்கிறார். தம்பியைப் படகில் தூக்கி உட்கார வைத்துத் துடுப்புப் பிடிக்கச் சொல்லித் தருகிறார். அதே தம்பி பிறகு படகுத்துறையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறான். இனிமேல் இந்தக் கரைக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா நடக்கிறார். ஓ, அந்தச் சண்டையா! எல்லாம் புரிந்தது. வெட்கக்கேடு, ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். சனிக்கிழமை மதியம், முப்பத்தேழாம் ஃபாரத்தில், அக்கரையில் படுத்துக் கிடக்கிற பெரியப்பா, தம்பி வருகிறானா பாருங்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டுச் செத்தார். அடுத்த பக்கம் இல்லை. கதவைத் தட்ட யாரும் வரவில்லை. பசை வாளிக்கும் வெட்டும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து பைண்டர் குழந்தை மாதிரி அழுதார். சாவு சாவுதான். கதவாம், கதவு! எழுதின கையை வெட்ட வேண்டும் என்று தோன்றியது.

அழுத கையோடு ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை வரிசையாகத் தைத்து, அட்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் மேடத்தின் முன்னால் வைத்து, கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தைச்சே முடிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மேடம்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தைச்சிருக்கலாமே, சார்."

அப்போதுதான் பைண்டருக்கு உறைத்தது. இனி அந்தப் புத்தகத்தை யார் எடுத்தாலும் மேடத்தின் வட்டம் காலி. யோக்கியன் ஆகிற அவசரத்தில் அந்தப் பெண்ணின் பத்து வருஷத்தைக் கேட்காமலே அறுத்துப் போட்டிருக்கிறார். முதல் தடவை புத்தியில்லாமல் கெடுத்தார், இரண்டாம் தடவை நல்ல புத்தி வந்து கெடுத்தார். அசடு வழிய நின்றார்.

திங்கட்கிழமை மதியம் மேடம் கீழ்த்தளத்துக்கு வந்தார். கல்லூரி ஆள் ஒருவர் அந்தப் படியில் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாவலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பைண்டர் சத்தம் வராமல் வேலை செய்ய முயன்று எல்லாவற்றையும் கீழே போட்டார். செவ்வாய், புதன், தினமும் வந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கம் வந்தது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எங்க அப்பா செத்துப்போன வருஷம்தான் இத முதல்ல படிச்சேன்" என்றார் மேடம், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. "செத்தவரு திரும்ப வந்து கதவத் தட்டுறாரு. அந்த ஒரு இடத்துக்காகத்தான் இதுல ஆராய்ச்சியே பண்ணேன்."

பைண்டருக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. "மன்னிச்சிடுங்க மேடம். நான் புதுசு அப்போ."

"நாளைக்கு மார்க் லிஸ்ட் போகுது." மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்பத்திரண்ட நான் மாத்தலன்னா உங்களுக்கு மேல வேல கெடைக்கும். எனக்கும் இப்போதைக்கு வம்பு இல்ல. மாத்தினா, நீங்க அடுத்த தவணைக்குத்தான் எழுத முடியும். அந்த இடம் போயிடும். நீங்களே சொல்லுங்க, சார். உங்களக் கேட்காம நான் அறுக்க மாட்டேன்."

விட்டுடுங்க மேடம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாய் துடித்தது. ஜன்னல் கண் முன்னால் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை உண்மை பேசிய வாய்தானே, வியாழக்கிழமை ஒரு நாள் லீவு போடக் கூடாதா? ஆனால் பெரியப்பா மூன்று தடவை கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே இருந்தது.

"நான் அழுதுட்டேனே மேடம்" என்றார். "இனிமே எப்படி அத உத்தின்னு சொல்றது? மாத்திடுங்க."

மேடம் மாற்றினார். மேல்மாடி நாற்காலி ஒல்லி நாவல் எடுத்தவர்களில் ஒருவருக்குப் போயிற்று. பையன் நல்ல பையன்தான், "பைண்டரே, ஆச்சா?" என்று மேலிருந்து கேட்பான். வீட்டில் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பாதியிலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்துச் சொன்னார். பைண்டர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எந்த முகத்தோடு பேசுவார்?

அடுத்த தவணைக்குப் புதுக் கட்டுரை எழுதினார். அதில் காலம் உடையவில்லை, வட்டம் இல்லை. "இந்த நாவலைக் கெடுத்தவன் நான்" என்பது முதல் வரி. அறுபத்தொன்று கிடைத்தது. பட்டமும் வந்தது. உட்கார ஜன்னல்தான் இல்லை.

ஆறு மாதம் கழித்து மேடம் ஒரு ஆய்விதழை அனுப்பி வைத்தார். தன் ஆராய்ச்சி முழுவதும் எப்படித் தப்பாகப் போயிற்று என்று அவரே பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். அந்தத் தைரியம் தனக்கு இருந்திருக்காது என்று பைண்டருக்குத் தெரியும். முதல் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு குறிப்பு. அதில் பைண்டரின் முழுப் பெயர் அச்சாகியிருந்தது. எத்தனையோ ஆயிரம் புத்தகத்தைத் தைத்த மனிதரின் பெயர் புத்தகத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் மகளிடம் நீட்டினார்.

மகள் சத்தமாகப் படித்தாள்: "இப்பிரதியைத் தவறாகத் தைத்தவரும், இந்நூலகத்தில் இந்நாவலைச் சரியான வரிசையில் முதன்முதலாகப் படித்த வாசகரும் இவரே."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "திட்டியிருக்காங்களா, பாராட்டியிருக்காங்களா?"

பைண்டர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். வாசகர் என்று போட்டிருக்கிறார்கள். பைண்டர் என்று போடவில்லை.

"இன்னொரு தடவ படிம்மா" என்றார். "முன்பாதி வேணாம். பின்பாதிய மட்டும் படி."

"அதெல்லாம் முடியாதுப்பா" என்றாள் மகள். "வரிசையாத்தான் படிப்பேன்."

தவறாகத் தைத்தவர் என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். பைண்டர் தலையைக் குனிந்துகொண்டு, தன் முறை வருவதற்காகக் காத்திருந்தார்.